கவுன்சில் மீது முறைப்பாடு செய்தால் பிள்ளையை எடுத்துவிடுவார்களா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். ஒட்டிசம் உள்ள என் மகனுக்கு 9 வயது. அவனைப் பார்க்க ஆள் வைப்பதற்காகக் கவுன்சில் கிழமைக்கு 8 மணித்தியாலத்துக்கு டைரக்ட் பேமென்ட் (ஆளை நாங்களே வைக்கும்படி எங்களிடம் தரும் காசு) தந்தது. மார்ச் மாதம் வீட்டுக்கு வந்து பார்க்காமலே 4 மணித்தியாலமாகக் குறைத்துவிட்டார்கள். ஒரு வருடத்தில் மூன்று சோஷல் வேர்க்கர் மாறிவிட்டார்கள், ஈமெயிலுக்குப் பதில் இல்லை. முறைப்பாடு செய்தால் பிள்ளையை எடுத்துவிடுவார்கள் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். எனக்கு ஆங்கிலமும் அவ்வளவு வராது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பயத்தைக் கதைத்து முடிப்போம். அது மனதில் இருக்கும்வரை நான் கீழே எழுதுகிற எதுவும் உங்களுக்கு ஏறாது. முறைப்பாடு செய்தீர்கள் என்பதற்காக இங்கிலாந்தில் யாரும் உங்கள் பிள்ளையை எடுக்க முடியாது. உங்கள் சம்மதம் இல்லாமல் எடுப்பதென்றால் கவுன்சில் நீதிமன்றத்துக்குப் போய், பிள்ளைக்குப் பெரிய தீங்கு நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்று ஆதாரத்தோடு காட்டவேண்டும். உடனடி ஆபத்து என்றால் பொலிசுக்கு 72 மணித்தியாலம் வரை பாதுகாப்பில் வைக்கும் அதிகாரம் இருக்கிறது, அவ்வளவுதான். ஊரில் கந்தோருக்கு எதிராக ஒரு கடிதம் போட்டால் அடுத்தமுறை போகும்போது ஃபைலே காணாமல் போயிருக்கும், அந்தப் பழக்கத்தில் வந்த பயம் இது, எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே பிள்ளைகள் சேவை பற்றிய முறைப்பாடுகளைப் பார்ப்பதற்கென்றே ஒவ்வொரு கவுன்சிலும் ஒரு மேலாளரை நியமித்திருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். கவுன்சிலில் முறைப்பாட்டுக்கு இரண்டு வழி இருக்கிறது. குப்பை அள்ளவில்லை என்கிற மாதிரியானவை போகும் சாதாரண வழி ஒன்று. மற்றது 1989ஆம் ஆண்டு சில்ட்ரன் அக்ட்டின் கீழ் வருகிற, மூன்று கட்டங்கள் உள்ள தனி வழி. உங்கள் மகனுக்குக் கிடைப்பது அந்தச் சட்டத்தின்படி உதவி தேவைப்படும் பிள்ளைக்குரிய சேவை என்பதால் உங்களுடையது இரண்டாவது வழியில்தான் போகவேண்டும். ஆனால் நீங்கள் பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் சில கவுன்சில்கள் முதலாவது வழியில் தள்ளிவிடும், அதில் வெளியாள் யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். ஆகவே கடிதத்தின் தலைப்பிலேயே “ஸ்டாடியூட்டரி சில்ட்ரன்ஸ் கம்ப்ளெயின்ட், ஸ்டேஜ் வன்” (பிள்ளைகள் பற்றிய சட்டப்படியான முறைப்பாடு, முதல் கட்டம்) என்று எழுதுங்கள். அந்தத் தலைப்பைப் பார்த்ததும் கடிதம் எங்கே போகவேண்டும் என்று அவர்களுக்கு விளங்கிவிடும்.

நீங்கள் தாய் என்பதால் மகனுக்காக நீங்களே செய்யலாம். நடந்து ஒரு வருடத்துக்குள் செய்யவேண்டும். வாயால் சொன்னாலும் ஏற்கவேண்டும் என்பது விதி, இருந்தாலும் எழுத்தில் கொடுங்கள்.

கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள். ஒருமுறை ஒரு தாய் பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார், பிள்ளை பிறந்த நாளில் இருந்து தொடங்கி. எல்லாம் உண்மைதான், ஆனால் வாசிக்கிறவருக்கு எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாது. அதையே இரண்டு பக்கமாக்கினோம். அவர் பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசித் தாளில் பென்சிலால் குறித்து வைத்திருந்த திகதிகள் கைகொடுத்தன: எந்த நாள் யாருக்குப் போன் எடுத்தார், யார் “திங்கட்கிழமை கூப்பிடுகிறேன்” என்று சொன்னார், அந்தத் திங்கட்கிழமை யாரும் கூப்பிடவில்லை. நீங்களும் அப்படி ஒரு தாள் போடுங்கள். அதற்குப் பிறகு கடிதத்தில் என்ன நடந்தது, அதனால் மகனுக்கும் வீட்டுக்கும் என்ன ஆனது, என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறீர்கள், இந்த மூன்றும் இருந்தால் போதும். “சோஷல் வேர்க்கருக்கு மனிதாபிமானம் இல்லை” என்று எழுதுவதைவிட “மார்ச் மாதத்திலிருந்து ஐந்து ஈமெயில் அனுப்பினேன், ஒன்றுக்கும் பதில் வரவில்லை” என்று எழுதுங்கள்.

உங்கள் விஷயத்தில் பலமான இடம், வந்து பார்க்காமல் குறைத்தது. பிள்ளையின் தேவை குறைந்துவிட்டதா என்று மறுமதிப்பீடு செய்யாமல் மணித்தியாலத்தைப் பாதியாக்கக் கூடாது; பட்ஜெட் இல்லை என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. மறுமதிப்பீடு செய்தீர்களா, செய்திருந்தால் அதன் பிரதியைத் தாருங்கள் என்று கேளுங்கள். இன்னொன்றையும் கேளுங்கள், பலருக்கு இது தெரியாது: முறைப்பாடு முடியும்வரை அந்தக் குறைப்பை நிறுத்திவைக்கும்படி கேட்கலாம். கட்டாயம் நிறுத்தவேண்டும் என்றில்லை, ஆனால் நிறுத்திவைக்கலாமா என்று யோசிக்கவேண்டும் என்று அரசாங்கத்தின் வழிகாட்டியிலேயே இருக்கிறது.

முதல் கட்டத்துக்கு 10 வேலைநாள் கணக்கு, சிக்கலானது என்றால் 20 வரை. அந்தக் குழுவின் மேலாளரே பதில் எழுதுவார், சில வேளை அதோடு சரிவந்துவிடும். பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் 20 வேலைநாளுக்குள் இரண்டாம் கட்டம் வேண்டும் என்று எழுதுங்கள். இதில்தான் இந்த வழியின் உண்மையான பயன் இருக்கிறது. ஒரு விசாரணை உத்தியோகத்தர் வருவார். கூடவே கவுன்சிலோடு சம்பந்தமில்லாத ஒருவரும் வந்து விசாரணை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பார். ஃபைலைப் பார்ப்பார்கள், உங்களோடும் சோஷல் வேர்க்கர்மாரோடும் கதைப்பார்கள், இருவரும் தனித்தனி அறிக்கை எழுதுவார்கள், அவை உங்களுக்கும் வரும். கணக்கு 25 வேலைநாள், நீட்டினால் 65 வரை. உண்மையில் இழுபடும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். 65 தாண்டினால் அந்தத் தாமதமே தனி ஒரு குறை. “இது இரண்டாம் கட்டத்துக்குத் தேவையில்லாத சின்ன விஷயம்” என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், முதல் கட்டம் முடிந்து நீங்கள் கேட்டால் அவர்கள் செய்யத்தான் வேண்டும்.

மூன்றாம் கட்டத்தில் வெளியாட்கள் மூன்று பேர் இருந்து விசாரணை சரியாக நடந்ததா என்று பார்ப்பார்கள், புதிதாக விசாரிக்கமாட்டார்கள். இரண்டாம் கட்டப் பதில் கிடைத்து 20 வேலைநாளுக்குள் கேட்கவேண்டும்.

அதிலும் சரிவராவிட்டால் லோக்கல் கவர்ன்மென்ட் அன்ட் சோஷல் கேர் ஒம்புட்ஸ்மன், அதாவது கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை வெளியில் இருந்து விசாரிக்கும் அமைப்பு. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, விஷயம் தெரியவந்து 12 மாதத்துக்குள் போகவேண்டும், ஆனால் கவுன்சிலின் கட்டங்களில் காலம் போயிருந்தால் அதை அவர்கள் கவனத்தில் எடுப்பார்கள். மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள், மறுமதிப்பீடு செய்யச் சொல்வார்கள், இழந்த சேவைக்கு ஒரு தொகை கொடுக்கச் சொல்வார்கள். சட்டப்படி கட்டாயம் இல்லாவிட்டாலும் கவுன்சில்கள் பெரும்பாலும் கேட்டு நடக்கும். யாரையும் வேலையால் நிறுத்தமாட்டார்கள். ஒரு சோஷல் வேர்க்கரின் தனிப்பட்ட நடத்தை பற்றி என்றால் அது சோஷல் வேர்க் இங்லன்ட் என்கிற அமைப்பு. நீதிமன்றம் முடிவு செய்த விஷயம் இந்த வழிகள் எதிலும் போகாது, பள்ளிக்கூடத்தைப் பற்றியது பள்ளிக்கூடத்தின் முறைப்பாட்டு வழியில் போகவேண்டும்.

இந்தக் குறைப்பால் வீட்டில் நிலைமை தாங்கமுடியாமல் போகிறது என்றால் முறைப்பாட்டை மட்டும் நம்பியிருக்காமல், சமூகப் பராமரிப்புச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கெதியாகப் பாருங்கள். ஜுடிசியல் ரிவியூவுக்கு, அதாவது கவுன்சிலின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லும் வழக்குக்கு, முடிவெடுத்த நாளில் இருந்து அதிகபட்சம் 3 மாதம்தான், முறைப்பாட்டுக்காகக் காத்திருந்தால் அது கைவிட்டுப் போகும். மார்ச் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இன்றே நாளைக் கணக்குப் பாருங்கள்.

கடைசியாக ஆங்கிலம். தமிழில் எழுதி அனுப்பலாம், அல்லது போனில் “தமில் இன்டர்பிரிட்டர் பிளீஸ்” என்று மட்டும் சொல்லி மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், விசாரணை உத்தியோகத்தர் வரும்போதும் கேளுங்கள். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். நீங்கள் அழுதுகொண்டு சொல்வதை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை அதிகாரியிடம் திருப்பிச் சொல்லவேண்டியதில்லை, அதோடு பாதி வசனம் காற்றிலேயே போய்விடும்.