பிரிட்டனின் பெரும்படையை அமெரிக்கக் குடியேற்றங்கள் எப்படி வென்றன?

துணிவு மட்டும் போதவில்லை. பிரான்சின் கடற்படை இல்லாமல் அந்த வெற்றி கைகூடியிருக்காது என்பதே என் உறுதியான கருத்து. 1777இல் சரடோகாவில் பிரிட்டிஷ் தளபதி பர்கோயினின் படை சரணடைந்த பிறகுதான் பிரான்சுக்கு நம்பிக்கை பிறந்தது. 1778இல் அமெரிக்கர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது.

1781இல் யார்க்டவுனில் நடந்ததைப் பாருங்கள். கடல்வழியே உதவி வரும் என்று ஆற்றங்கரையில் காத்திருந்தார் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ். செப்டம்பர் 5 அன்று செசபீக் விரிகுடாவின் வாயிலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தெ கிராஸின் கப்பல்கள் அந்த வழியை அடைத்துவிட்டன. நிலத்திலோ அமெரிக்கத் தளபதி வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரோஷம்போவும் இரவோடிரவாகப் பதுங்குகுழி வெட்டி, பீரங்கிகளை நெருக்கிக் கொண்டுவந்தார்கள். அக்டோபர் 19 அன்று கார்ன்வாலிஸின் படையினர் 7,000க்கும் மேற்பட்டோர் ஆயுதங்களைக் கீழே வைத்தனர். உடல்நலமில்லை என்று சொல்லிக் கார்ன்வாலிஸ் சரணடையும் நிகழ்வுக்கு வரவில்லை. துணைத்தளபதி ஓஹாராதான் சரணடைதலின் அடையாளமாக வாளை நீட்டினார். பத்தாண்டுகளுக்குப் பின் திப்பு சுல்தானோடு போரிட்டவரும் இதே கார்ன்வாலிஸ்தான்.

அதன்பின் போரைத் தொடர லண்டனுக்கு மனமில்லை. 1783 பாரிஸ் உடன்படிக்கையில் அமெரிக்காவின் விடுதலையை ஒப்புக்கொண்டது.