யுபிஎஸ்ஸை ரேக்கின் மேலே வைக்கலாமா?

கேள்வி: குன்னூரில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம் பழைய கட்டடம். மழைக்காலத்தில் தரையில் ஓதம் ஏறும். புதிதாக, சர்வர்களை அடுக்கும் 42 யு (யு என்பது உயர அளவு) ரேக், மூன்று 2 யு சர்வர், பேட்டரியோடு யுபிஎஸ் வந்திருக்கிறது. ஈரத்துக்குப் பயந்து யுபிஎஸ்ஸை மேலே வைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா? மாட்டுவதற்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

பதில்: வேண்டவே வேண்டாம். இருப்பதிலேயே கனமானது பேட்டரி. அது மேலே போனால் ரேக் தலைகனத்துச் சாயும். ஈரம்தான் கவலை என்றால் ரேக்கையே உயர்த்துங்கள். கொத்தனாரை வைத்து நாலு அங்குல காங்கிரீட் மேடை போட்டு, அது நன்றாக இறுகிய பிறகு ஆங்கர் போல்ட்டால் ரேக்கை அதில் பிணையுங்கள். உளுத்த பழைய தரையில் போல்ட் பிடிக்காது. ரசமட்டம் வைத்துப் பாருங்கள். எடையைத் தாங்க வேண்டியது லெவலிங் கால்கள், சக்கரங்கள் அல்ல.

யுபிஎஸ், பேட்டரி அடியில். அதற்கு மேல் சர்வர்களைக் கீழிருந்து வரிசையாக ஏற்றுங்கள்.

சர்வர் சறுக்கி உள்ளே போவதற்கான ரெயிலை மாட்டும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். ஒரு யு என்பது 44.45 மில்லிமீட்டர், அதில் மூன்று துளை. முன்தூணில் ஒரு துளை, பின்தூணில் அடுத்த துளை என்று மாறிவிட்டால் ரெயில் சரிந்து நிற்கும், சர்வர் பாதியில் சிக்கும். தூணில் அச்சிட்ட எண்ணை முன்னும் பின்னும் ஒப்பிட்டு, மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

தூக்கும் முன் ஹார்டு டிஸ்க்குகளையும் பவர் சப்ளைகளையும் கழற்றிவிடுங்கள், கணிசமாக எடை குறையும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் இட எண்ணை ஒட்டுவது கட்டாயம். இடம் மாறினால் பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டு அமைப்பு குழம்பக்கூடும். ஆளுக்கொரு பக்கம் சேஸியின் (சர்வரின் உலோகப் பெட்டி) அடியைப் பிடியுங்கள். பவர் சப்ளையைக் கழற்றாமல் விட்டிருந்தாலும் அதன் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. இரண்டு பக்கமும் ‘டக்’கென்று பூட்டும்வரை கையை எடுக்காதீர்கள். நெஞ்சுயரத்துக்கு மேல் மாட்ட வேண்டுமென்றால் மூன்றாவது ஆள் அவசியம். தொழிற்சாலையில் ஆளுக்கா பஞ்சம், கூப்பிடுங்கள்.

இன்னொன்று: குளிர் ஊர்தானே என்று ரேக்கைச் சுவரோடு ஒட்டி அடைக்காதீர்கள். உங்கள் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, அதே ஃபேன் குறைவான சூட்டையே வெளியேற்றும். பின்னால் ஒரு ஆள் நின்று வேலை செய்யும் அளவுக்கு இடம் விடுங்கள்.

பிறகு பழுது பார்க்க வரும் யாராக இருந்தாலும், ஒரு நேரத்தில் ஒரு சர்வரை மட்டும்தான் வெளியே இழுக்க வேண்டும். இரண்டை இழுத்தால் எடை முன்னால் வந்து, போல்ட் இல்லாத ரேக் ஆள்மேல் சாயும். இதை எழுதி ரேக் கதவிலேயே ஒட்டிவிடுங்கள்.