ஃபேட்டி லிவர் ஸ்கேன்: இந்தத் தடவை வந்த கேள்விகளும் பதில்களும்

இந்தத் தடவை வந்ததுல பாதிக்கு மேல கல்லீரல் ஸ்கேன் பத்தின கேள்விங்கதான், அதனால மத்த எல்லாத்தையும் அடுத்த தடவைக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன். ஒரே கேள்விய நாலு பேர் கேட்டிருந்தா ஒண்ணாச் சேத்துட்டேன், உங்க கடிதத்த காணோமேன்னு கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடின்னு ரெண்டு கல்லீரல் என்சைமும் நார்மல். ஆனா அல்ட்ராசவுண்ட்ல ஃபேட்டி லிவர்னு போட்டிருக்காங்க. எது பொய்?

ரெண்டுமே உண்மை. என்சைம் நார்மலா இருக்கும்போதே கொழுப்பும் இருக்கலாம், தழும்பும் இருக்கலாம்.

கேள்வி: எனக்கு பத்து வருஷமா சுகர். ஸ்கேன்ல லிவர் நார்மல்னு வந்திருச்சு. இனிமே கவலையில்லதானே?

அல்ட்ராசவுண்ட் கண்ணுக்குக் கொழுப்பு தெரியணும்னா அது கிட்டத்தட்ட 20-30 சதவீதமாவது இருக்கணும், அதுக்குக் கம்மியா இருந்தா பல நேரம் நார்மல்னுதான் வரும். எம்ஆர்ஐ 5 சதவீதத்துலயே பிடிச்சிரும். அதுக்காக உடனே எம்ஆர்ஐக்கு ஓடாதீங்க. சுகர் இருக்கறவங்க ஸ்கேன் என்ன சொன்னாலும் ஃபிப்-4 கணக்கு (வயசையும் ரத்தப் பரிசோதனை நம்பருங்களையும் வெச்சு, கல்லீரல்ல தழும்பு இருக்குமான்னு மதிப்பிடறது) போட்டுப் பாக்கணும், கணக்கு எப்படின்னு அடுத்த பதில்ல இருக்கு.

கேள்வி: போன வருஷம் கிரேடு 2. இந்த வருஷம் வேற சென்டர்ல எடுத்தேன், கிரேடு 1ன்னு வந்திருக்கு. தினமும் நடந்தே குறைச்சிட்டேன்! மாத்திரைய நிறுத்திடலாமா?

எந்த மாத்திரைன்னு எழுதவே இல்ல, எடை குறைஞ்சுதான்னும் எழுதல. எழுதிக் குடுத்தவரக் கேக்காம எதையும் நிறுத்தாதீங்க. நீங்க நடக்கறது நல்ல விஷயம், அத விட்றாதீங்க. ஆனா இந்த கிரேடு விவகாரத்த மட்டும் கொஞ்சம் விலாவாரியாப் பேசியே ஆகணும், ஏன்னா இத வெச்சு சந்தோஷப்படறவங்களும் சரி, தூக்கம் கெட்டு உக்காந்திருக்கறவங்களும் சரி, முக்கால்வாசிப் பேரு தப்பான நம்பரப் பாத்துட்டு இருக்காங்க.

கிரேடு எப்படிப் போடறோம்னு தெரிஞ்சுக்கங்க. வலது விலா எலும்புக்குக் கீழயோ நடுவுலயோ புரோப (ஸ்கேன் கருவியோட கைப்பிடி) வெச்சா ஸ்கிரீன்ல கல்லீரலும் வலது கிட்னியும் பக்கத்துல பக்கத்துல வரும். சாதாரணமா ரெண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். கொழுப்பு சேந்தா ஒலி அலை சிதறும், கல்லீரல் வெளுப்பாத் தெரியும், பக்கத்துல கிட்னி கருப்பா நிக்கும். வெளுப்பு மட்டும்னா கிரேடு 1. உள்ள ஓடற போர்ட்டல் ரத்தக்குழாயோட சுவர்க்கோடுங்க மங்கிப் போனா கிரேடு 2. பின்பக்கம் இருண்டு உதரவிதானக் கோடே காணாமப் போனா கிரேடு 3. அவ்வளவுதான். இதுல அளந்தது எதுவும் இல்ல, முழுக்கக் கண் மதிப்பு. படத்தோட வெளிச்சத்தக் கூட்டற கெயின் குமிழ ரெண்டு திருப்பு கூட்டினா எல்லாமே வெளுத்துரும். வேற மெஷின், வேற டாக்டர், வயித்துல கொஞ்சம் கேஸ், இதுல ஏதாவது ஒண்ணு மாறினாலே 2 ஒண்ணாகும், 1 ரெண்டாகும். ரெண்டு சென்டர் ரிப்போர்ட்ட வெச்சு குறைஞ்சிருச்சுன்னு என்னால சொல்ல முடியாது.

அது கூடப் பரவால்ல. பெரிய கூத்து என்னன்னா, கிரேடு 3க்கு அடுத்தது சிரோசிஸ்னு (தழும்பு முத்திப்போய் கல்லீரல் சுருங்கிக் கெட்டிப்படறது) நிறைய பேரு நெனச்சிட்டு இருக்கீங்க. கொழுப்பு வேற, தழும்பு வேற! தழும்புக்குத் தனியா எஃப்0ல இருந்து எஃப்4 வரைக்கும் ஸ்டேஜ் இருக்கு, அத சாதா அல்ட்ராசவுண்ட் ஆரம்பத்துல காட்டவே காட்டாது. கிரேடு 3 இருக்கறவருக்கு தழும்பே இல்லாம இருக்கலாம், கிரேடு 1ன்னு அசால்ட்டா சுத்தறவருக்கு எஃப்3 இருக்கலாம். பின்னாடி என்ன ஆகும்ங்கறத தீர்மானிக்கறது தழும்புதான், கொழுப்போட அளவு இல்ல.

இன்னொண்ணு கேளுங்க. தழும்பு முத்தி சிரோசிஸ் ஆகும்போது கல்லீரல்ல இருக்கற கொழுப்பு தானாவே குறைஞ்சிரும். அதனால பல வருஷத்துல கிரேடு 3, 2, 1ன்னு இறங்கிட்டு, கூடவே பிளேட்லெட்டும் இறங்கி மண்ணீரலும் பெருசாகிட்டு வந்தா, அது கெட்ட செய்தி. அந்த ரிப்போர்ட்ட பாத்து சந்தோஷப்பட்டவங்கள நானே பாத்திருக்கேன்.

இதுல உங்கள மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்ண. எங்க ஸ்கேன் டாக்டருங்களே "கிரேடு 2 ஃபேட்டி லிவர்"னு ஒத்த வரி எழுதிட்டு மண்ணீரல் எத்தன சென்டிமீட்டர், கல்லீரல் ஓரம் வழவழன்னு இருக்கா மேடு பள்ளமா இருக்கான்னு எதுவும் எழுதாம கையெழுத்துப் போட்டுடறாங்க. அத வாங்கிப் பாக்கற டாக்டர் "மூணு மாசம் கழிச்சு இதே ஸ்கேன் எடுத்துட்டு வாங்க"ன்னு அனுப்பிடறாரு. கேக்க வேண்டிய கேள்விய யாருமே கேக்கல.

ஸ்கேனே இல்லாம மொதல்ல செய்ய வேண்டியது ஃபிப்-4. வயச எஸ்ஜிஓடியால பெருக்குங்க. பிளேட்லெட்ட (ஆயிரத்துல) எஸ்ஜிபிடியோட வர்க்கமூலத்தால பெருக்குங்க. முதல் விடைய ரெண்டாவதால வகுங்க. வயசு 50, எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 2 லட்சம்னு வெச்சுக்கலாம்: 2000-ஐ 1200-ஆல வகுத்தா 1.7 கிட்ட வரும். 1.3க்குக் கீழன்னா முத்தின தழும்பு இருக்க வாய்ப்பு கம்மி, 2.67க்கு மேலன்னா கல்லீரல் டாக்டர்கிட்ட போகணும், நடுவுல வந்தா ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு விறைப்பா இருக்குன்னு அளக்கற ஸ்கேன்) மாதிரி ஏதாவது எடுக்கணும். 65 வயசு தாண்டினவங்களுக்கு 1.3க்குப் பதிலா 2ன்னு வெச்சுக்கங்க. 35க்குக் கீழ இந்தக் கணக்க நம்பாதீங்க.

கேள்வி: ஃபைப்ரோஸ்கேன்ல கேப் 310, இன்னொரு நம்பர் 6.1. 310ன்ன உடனே பயந்துட்டேன்.

பயப்பட வேண்டிய நம்பர விட்டுட்டு வேற நம்பருக்குப் பயந்திருக்கீங்க. கேப்ங்கறது கொழுப்பு, 100ல இருந்து 400 வரைக்கும் போகும், 275 தாண்டினாலே கொழுப்பு இருக்குன்னு எடுத்துக்கலாம். 6.1ங்கறது விறைப்பு, கிலோபாஸ்கல்ல. அது 8க்குக் கீழ இருந்தா முத்தின தழும்பு அநேகமா இல்ல. 8-12 சந்தேகக் கோடு, 12க்கு மேல கண்டிப்பா டாக்டர். கொழுப்பு வேற, தழும்பு வேற, மறுபடியும் சொல்றேன்.

கேள்வி: நல்லா சாப்பிட்டுட்டுப் போய் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தேன், 11.4. சிரோசிஸா?

சாப்பிடாமப் போய் மறுபடி எடுங்க. சாப்பிட்டா கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், அது விறைக்கும், நம்பர் ஏறும். குறைஞ்சது மூணு மணி நேரம் வெறும் வயிறு. இத எடுக்கறவங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்.

அந்த மெஷின் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சா நீங்களே புரிஞ்சுக்குவீங்க. மல்லாக்கப் படுத்து வலது கைய தலைக்குப் பின்னாடி வெச்சதும், விலா எலும்பு இடுக்குல புரோப வெச்சு, விரலால சுண்டற மாதிரி ஒரு தட்டு. அந்த அதிர்வு உள்ள எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பாக்குது, விறைப்பான கல்லீரல்ல வேகமா ஓடும். தோலுக்குக் கீழ 2.5ல இருந்து 6.5 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ள ஒரு சின்னப் பகுதியத்தான் அளக்குது. பத்து தடவ தட்டி நடு மதிப்ப எடுப்பாங்க. விறைப்பு எதனாலன்னு அதுக்குத் தெரியாது. மஞ்சக்காமாலை, எஸ்ஜிபிடி பல மடங்கு ஏறி இருக்கறது, பித்தக்குழாய் அடைப்பு, இதயம் பலவீனமாகி ரத்தம் தேங்கறது, நல்லாக் குடிச்சிட்டு இருக்கறது, எல்லாமே தழும்பு மாதிரியே நம்பர ஏத்தும். ரிப்போர்ட்ல ஐக்யூஆர்னு ஒரு சதவீதம் போட்டிருக்கும், அது 30க்கு மேல இருந்தா அந்தத் தட்டுங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலன்னு அர்த்தம், அந்த ரிப்போர்ட்ட வெச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க.

கேள்வி: என் எடை 118 கிலோ. ரெண்டு தடவ முயற்சி பண்ணி "ரீடிங் வரல"ன்னு அனுப்பிட்டாங்க.

எக்ஸ்எல் புரோப் இருக்கான்னு கேளுங்க. தோலுக்கும் கல்லீரலுக்கும் நடுவுல 2.5 சென்டிமீட்டருக்கு மேல இருந்தா சாதா புரோப் எட்டாது. அதுலயும் வரலன்னா எம்ஆர் எலாஸ்டோகிராபி, அதாவது எம்ஆர்ஐ மெஷின்லயே விறைப்ப அளக்கறது.

கேள்வி: ஸ்கேன் படம் ஒண்ணு அனுப்பியிருக்கேன், எவ்வளவு கொழுப்புன்னு பாத்து சொல்லுங்க.

நீங்க அனுப்புனது இடது கிட்னி.

கேள்வி: எம்ஆர்ஐல கொழுப்பு 18 சதவீதம். பயாப்ஸில 40 சதவீதம். யாரு தப்பு பண்ணது?

யாரும் இல்ல. பயாப்ஸிக்கு எடுத்த கல்லீரல் துண்ட மைக்ராஸ்கோப்புல பாக்கறவர் நூறு செல்லுல எத்தன செல்லுக்குள்ள கொழுப்புத் துளி இருக்குன்னு எண்ணறாரு. எம்ஆர்ஐ, மொத்த சிக்னல்ல கொழுப்போட பங்கு எவ்வளவுன்னு அளக்குது. தண்ணியில இருக்கற புரோட்டானும் கொழுப்புல இருக்கற புரோட்டானும் கொஞ்சம் வேற வேற அதிர்வெண்ல சுத்தும், 1.5 டெஸ்லா மெஷின்ல வித்தியாசம் கிட்டத்தட்ட 220 ஹெர்ட்ஸ். அதனால ரெண்டும் சில மில்லிசெகண்டுக்கு ஒருதடவ சேந்து வரும், அப்புறம் எதிரும் புதிருமாப் போகும், அந்த ஏத்த இறக்கத்துல இருந்து ரெண்டையும் பிரிச்சுக் கணக்கு போடறோம். இதுதான் பிடிஎஃப்எஃப். ஒரு இருபது செகண்ட் மூச்ச அடக்கினாப் போதும், இதுக்கு ஊசி மருந்தே தேவையில்ல. நூத்துல நாப்பது செல்லுல துளி இருந்தா சிக்னல்ல 18 வர்றது சகஜம்.

கொழுப்பு குறையுதான்னு நெஜமாவே தெரியணும்னா இதுதான் நம்பகமான ஸ்கேன். 18 இருந்தது 12-13க்கு வந்தா, அதாவது மூணுல ஒரு பங்கு கிட்ட குறைஞ்சா, அது கணக்குல வர்ற மாற்றம். 18 இருந்தது 17 ஆனா எனக்கு மெயில் அனுப்பாதீங்க.

கேள்வி: எம்ஆர் எலாஸ்டோகிராபி 3.2, ஃபைப்ரோஸ்கேன் 8.5. ரெண்டும் கிலோபாஸ்கல்தான், ஏன் இப்படி?

யூனிட் ஒண்ணு, அளக்கற குணம் வேற. ஃபைப்ரோஸ்கேன் நம்பர் சுமாரா மூணு மடங்கு பெருசா வரும். எம்ஆர்ல 2.5க்குக் கீழ நார்மல், 3.6 தாண்டினா முத்தின தழும்பு சந்தேகம். உங்க ரெண்டு ரிப்போர்ட்டும் ஒரே விஷயத்தத்தான் சொல்லுது, நடுவுல இருக்கீங்க.

கேள்வி: சிடி எடுத்தா இன்னும் தெளிவாத் தெரியுமா?

இதுக்காக சிடி எடுக்காதீங்க, வீண் கதிர்வீச்சு. வேற எதுக்கோ எடுத்த சிடில தற்செயலா கொழுப்பு தெரிஞ்சா ஃபிப்-4 போடுங்க.

கேள்வி: பித்தப்பை பக்கத்துல "ஃபோக்கல் ஃபேட்டி ஸ்பேரிங்"னு எழுதியிருக்கு. கேன்சரா?

இல்ல. சுத்தி எல்லாம் கொழுப்பாகி அந்த இடம் மட்டும் நல்லா இருக்கு, அதனால கருப்பாத் தெரியுது. அந்த இடத்துக்கு ரத்தம் வர்ற வழி கொஞ்சம் வேற. ரிப்போர்ட்லயே சந்தேகம்னு எழுதியிருந்தா மட்டும் எம்ஆர்ஐ.

கேள்வி: பயாப்ஸி வேணாம். வெறும் கொழுப்பா, அழற்சியும் இருக்கான்னு எந்த ஸ்கேன் சொல்லும்?

உறுதியா எதுவும் சொல்லாது. அதுக்கு இன்னைக்கும் பயாப்ஸிதான், அதுவும் கல்லீரல்ல ஐம்பதாயிரத்துல ஒரு பங்கு துண்டத்தான் பாக்குது. ஆனா எல்லாருக்கும் அது தேவைப்படாது. 2024 மார்ச்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இந்த நோய்க்கான ரெஸ்மெட்டிராம் மருந்துக்கு அனுமதி குடுத்தப்ப, எஃப்2, எஃப்3 ஆளுங்களுக்கு பயாப்ஸி கட்டாயம்னு போடல. அதனால விறைப்பு நம்பர ஒழுங்கா எடுக்கறது இப்ப முன்னவிட முக்கியம். வெறும் வயித்தோட போங்க.

கேள்வி: மாசாமாசம் ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாமா?

எதுக்கு? ஃபிப்-4 1.3க்குக் கீழ இருந்தா ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதடவ அந்தக் கணக்க திருப்பிப் போட்டாப் போதும், சுகர் இருந்தா வருஷம் ஒண்ணு, ரெண்டுல. நடுவுல எடை மெஷின்ல ஏறுங்க, இருக்கற எடையில 7ல இருந்து 10 சதவீதம் இறங்கினதுக்கு அப்புறம் ஸ்கேனப் பத்திப் பேசலாம்.