பதில்: வானியல் சங்க வரலாற்றில் புதுச்சேரியை எங்கே சேர்ப்பது?

கடலூர் நண்பருக்கு வணக்கம். கல்லூரி மலர்க் கட்டுரையில், 1910இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய வானியல் சங்கத்தோடு பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தியையும் இணைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவர் பாரிஸ் அறிவியல் அகாதமி அனுப்பிய ஆள். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்தார், 1769 ஜூனில் மேகம் மறைத்துவிட்டது. பாவம்தான், ஆனால் சங்கம் வந்தது ஹாலி வால்நட்சத்திர ஆண்டில், சுமார் 140 வருடம் கழித்து.

ஊர்த் தொடர்பு வேண்டுமென்றால் ஜான் வாரனைப் பிடியுங்கள். பிரிட்டிஷ் அதிகாரி லாம்டனோடு நில அளவை செய்தவர், அப்புறம் சென்னை வானாய்வகத்தைப் பார்த்துக்கொண்டவர். இரண்டு துறையும் ஒரே ஆளிடம் கிடைக்கிறது. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதை அவர் பதிவு செய்திருக்கிறார். தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. தரையில் சோழிகளை நகர்த்தி, அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லியே முழுக் கணக்கையும் முடித்தார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், முடிவில் 52 நிமிடம். முதல் எண்ணை மட்டும் போட்டுப் பெருமை அடிக்காதீர்கள், இரண்டையும் போடுங்கள்.

ஒன்று: அந்தப் பஞ்சாங்கக்காரரை 'அமெச்சூர்', அதாவது பொழுதுபோக்காகச் செய்பவர், என்று எழுத வேண்டாம். பஞ்சாங்கம் கணிப்பது அவருடைய தொழில்.