நண்பர் மவுத்தாகிவிட்டார் (இறந்துவிட்டார்), அவரிடம் வாங்கிய 40,000 ரூபாய்க்கு தவ்பா (அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்பது) போதுமா?

போதாது. தஹஜ்ஜுத் என்னும் பின்னிரவுத் தொழுகையில் எவ்வளவு அழுதாலும் அந்தப் பணம் கழியாது, அது இப்போது அவருடைய வாரிசுகளின் சொத்து, அவர்களிடமே கொடுங்கள்.

நீங்கள் குழம்புவது இங்கேதான் என்று நினைக்கிறேன்: பாவத்தை விடுவது, வருந்துவது, இனி செய்யமாட்டேன் என்று உறுதி எடுப்பது, தவ்பாவின் இந்த மூன்றும் அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடையிலுள்ள பாவங்களுக்குத்தான் போதும். மனிதர்களின் ஹக் (உரிமை) என்றால் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். அல்லாஹ்வின் பாதையில் உயிர்விட்ட ஷஹீதுக்கே கடனைத் தவிர மற்றதெல்லாம் மன்னிக்கப்படும் என்றுதான் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது.

இன்றிரவே ஒரு நோட்டில் யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள், மளிகைக்கடை பாக்கி உட்பட. அப்புறம் அதை வீட்டில் காட்டி வையுங்கள், நாளை நீங்கள் மவுத்தானால் உங்கள் சொத்தைப் பிரிக்கும் முன் கடன்தான் அடைக்கப்பட வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். அந்த நண்பரின் மனைவி "பரவாயில்லை, விட்டுவிடுங்கள்" என்றாலும் அது அவருடைய பங்குக்கு மட்டும்தான், சின்னப் பிள்ளைகளின் பங்கை அவர் மன்னிக்க முடியாது.