கட்சிகளை விரும்பாத நாட்டில் கட்சிகள்

கேள்வி: அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்கள் கட்சி அரசியலை வெறுத்தார்கள் என்கிறார்களே, பிறகு அங்கே கட்சிகள் எப்படித் தோன்றின?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வெறுத்தது உண்மைதான், 1787-இல் எழுதப்பட்ட அரசியலமைப்பில் கட்சி என்ற பேச்சே இல்லை. எனினும் முதல் அதிபர் வாஷிங்டனின் அமைச்சரவைக்குள்ளேயே பிளவு தொடங்கிவிட்டது. நிதியமைச்சர் ஹாமில்டன் தேசிய வங்கியை நிறுவ முனைந்தபோது, அரசியலமைப்பு அதற்கு இடம் தரவில்லை என்று வெளியுறவைக் கவனித்த ஜெபர்சன் எதிர்த்தார். முன்னவர் பக்கம் வலுவான மத்திய அரசை விரும்பிய பெடரலிஸ்டுகளும், பின்னவர் பக்கம் குடியரசுக் கட்சியினரும் திரண்டனர் (இன்றைய குடியரசுக் கட்சி வேறு).

விடுதலைப் போரின் கடனை அடைக்க ஹாமில்டன் கொண்டுவந்த விஸ்கி வரி, தானியத்தை மலை தாண்டிச் சுமப்பதைவிடச் சாராயமாக வடித்து விற்பதே கட்டுப்படியாகும் என்றிருந்த மேற்குப் பென்சில்வேனியா விவசாயிகளின் வயிற்றில் அடித்தது. 1794-இல் அவர்கள் கிளர்ந்தெழ, வாஷிங்டன் படை திரட்ட வேண்டியதாயிற்று.

பெடரலிஸ்டுகள் கொண்டுவந்த 1798-இன் தேசத்துரோகச் சட்டமோ அதிபரையும் நாடாளுமன்றத்தையும் பொய்யாகத் தூற்றி எழுதுவதைக் குற்றமாக்கியது. துணை அதிபரை மட்டும் அந்தப் பாதுகாப்பில் சேர்க்கவில்லை. அப்போது துணை அதிபர் யார் என்கிறீர்கள்? எதிரணித் தலைவர் ஜெபர்சனேதான்! சட்டம் யாருக்காக இயற்றப்பட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் அப்போது பதவியைப் பிரிக்காமல் ஆளுக்கு இரண்டு வாக்கு அளித்ததால், 1800 தேர்தலில் ஜெபர்சனும் அவருடைய அணியைச் சேர்ந்த ஆரன் பர்ரும் தலா 73 வாக்குகள் பெற, பிரதிநிதிகள் அவை 36 முறை வாக்களித்த பிறகே ஜெபர்சன் அதிபரானார். அந்தக் குழப்பம் மீண்டும் நேராதிருக்க, அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனியே வாக்களிக்கும் முறையை 1804-இல் அரசியலமைப்பின் 12-ஆம் திருத்தம் கொண்டுவந்தது.