முட்டைக்குள்ளே தெரியும் இனம்

கடையில் வாங்கிய முட்டையை மூன்று நாள் அடைவைத்தும் மாணவர்களுக்குக் காட்டக் கருவே இல்லை. ஏன்? (ஆசிரியை, ஊட்டி)

அது சேவல் சேராத கோழியின் முட்டை. எத்தனை நாள் வைத்தாலும் அழுகத்தான் செய்யும். சேவலோடு திரியும் நாட்டுக்கோழி முட்டையாக, இட்டு ஒரு வாரத்துக்குள் வாங்குங்கள். இன்குபேட்டரில் 37.5 டிகிரி வெப்பம், 72 மணி நேரம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு. ஓட்டுத் துளைகள் வழியே ஈரம் வேகமாகப் போகும். தண்ணீர்த் தட்டை மறக்காதீர்கள்.

திறக்கும் முன் முட்டையைக் கிடையாக அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால் கரு மேல்பக்கம் வந்துவிடும். கூர்முனையில் துளையிட்டு, சிரிஞ்சு ஊசியைக் கீழ்நோக்கிச் சாய்த்து 2 - 3 மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் கெடுக்கிறார்கள்: கரு ஓட்டை ஒட்டியே கிடக்க, கத்தரி பட்டு இரத்தக்குழாய் கிழிகிறது. பிறகு மேலே செலோடேப் ஒட்டி வட்டமாக வெட்டி, வெதுவெதுப்பான 0.9 சதவீத உப்பு நீரைச் சொட்டுங்கள். குளிர்ந்த நீர் பட்டால் இதயத் துடிப்பு தளர்ந்துவிடும்.

துடிக்கும் இதயம், தலையைப் போர்த்திய மெல்லிய அம்னியான் சவ்வு (கருவைச் சுற்றிய நீர்ப்பை), தொண்டையில் வளைவுகள் எல்லாம் தெரியும். வளைவுகளைக் காட்டி 'கோழிக்குஞ்சுக்குச் செவுள்' என்று சொல்லிவிடாதீர்கள். மீனில் அவை செவுளைத் தாங்கும். நமக்குத் தாடையாகவும் காதின் சிற்றெலும்பாகவும் மாறும்.

மண்புழுவுக்கு முதலில் வாய், நட்சத்திர மீனுக்கு முதலில் ஆசனவாய். இது சரிதானே? (மாணவர், குன்னூர்)

தேர்வுக்குப் போதும். கருவின் முதல் துளை என்னவாகிறது என்பதை வைத்து 1908-இல் விலங்கியலாளர் குரோபன் விலங்குகளை இரண்டாகப் பிரித்தது அது. ஆனால் விவிபாரஸ் என்னும் நன்னீர் நத்தையில் அந்தத் துளை ஆசனவாயாகிறது. அதற்காக நத்தை நட்சத்திர மீனின் உறவாகிவிடாது. எனவே செல்கள் பிளவுபடும் விதத்தையும் சேர்த்துப் பாருங்கள். நத்தையில் சுருள் பிளவு, அதாவது செல்கள் சாய்வாகப் பிரிந்து சுருள்போல் அடுங்கும்; எந்தச் செல் என்னவாகும் என்பது சீக்கிரமே முடிவாகிவிடும். நட்சத்திர மீனின் உறவான கடல் அர்ச்சினில் அப்படியில்லை: அதன் இரு செல் கருவை 1891-இல் உயிரியலாளர் டிரீஷ் பிரித்தபோது, ஒவ்வொரு செல்லும் முழு லார்வாவாக வளர்ந்தது.

சருகுக்குள் கிடந்த முட்டையிலிருந்து தவளைக்குஞ்சே வந்தது. தலைப்பிரட்டை இல்லாவிட்டால் இருவாழ்வியா? (கொடைக்கானல்)

இருவாழ்விதான். ராவோர்கெஸ்டஸ் பேரினப் புதர்த்தவளைகள் நீந்தும் தலைப்பிரட்டையை விடுவதில்லை. ஆனால் முட்டைக்கு ஓடும் இல்லை, கருவுக்கு அம்னியானும் இல்லை. சருகு காய்ந்தால் முட்டையும் காய்ந்தது.

உருளைக்கிழங்கு தோண்டும்போது கேடயவால் பாம்பு குட்டி போட்டது. பாலூட்டிக்கு நெருக்கமா? (கோத்தகிரி)

இல்லை. குட்டி போடுவது பல இனங்களில் தனித்தனியே வந்த பழக்கம். பாம்புக்கும் நமக்கும் பொதுவானது அம்னியான். அது கோழிக்கும் உண்டு. இந்தப் பாம்புக்கு விஷமில்லை, ஓரத்து ஈரமண்ணில் விட்டுவிடுங்கள்.